டிரெய்லரின் ஓட்டைகளைப் பார்த்துக்கொண்ட விதம்

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் சொந்தக் கையால் வெல்டிங் வைத்துச் செய்து, பிள்ளைகளின் நாற்றுப்பண்ணைக்காக இங்கே கொண்டுவந்து விட்டுப்போன, கார் பின்னால் மாட்டி இழுக்கிற அந்த டிரெய்லரும் சௌக்கியம். இந்தக் கடைசி வாக்கியத்தை மனசாட்சியோடு எழுத முடிவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். "ஞாயித்துக்கிழமை வரேன், டிரெய்லரைக் காலியா வெச்சிரு" என்று மாப்பிள்ளையிடம் தாங்கள் போனில் சொன்னதாக அறிந்தேன். காலியாக வைக்கச் சொன்னால் என்ன அர்த்தம் என்று புரியாத அளவுக்கு நான் விவரம் கெட்டவன் இல்லை. திருப்பி எடுத்துக்கொண்டு போக வருகிறீர்கள். இங்கே நடந்ததை யாரோ உங்களிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை தான் இல்லை என்கிறார். உங்கள் மருமகளும் இல்லை என்கிறாள். என் மனைவியைக் கேட்டதற்கு, "செய்யறதையும் செஞ்சிட்டு விசாரணை வேறயா?" என்கிறாள். யார் சொன்னார்களோ போகட்டும், என் வாயாலேயே முழுவதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூட மைதானம் பூராவுக்கும் மரக்கன்று கொடுப்பதாகப் பிள்ளைகள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பண்ணைக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. டிரெய்லர் போய்விட்டால் கன்றுகளை ஒவ்வொன்றாக மடியில் வைத்துக்கொண்டுதான் போகவேண்டும். ஆகவே என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், டிரெய்லரை மட்டும் விட்டுவிடுங்கள்.

டிரெய்லரை விட்டுப்போன அன்று, காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தப்போகும் நேரத்தில் தாங்கள் சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "சட்டமெல்லாம் உள்ளே வெத்துக் குழாய், சம்பந்தி. அடியில அங்கங்க ஓட்டை இருக்கு. அதை மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க." இவ்வளவுதான். கதவைச் சாத்தினீர்கள், கார் போய்விட்டது. சம்பந்தி, நான் யார், என் பிழைப்பு என்னவாக இருந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. குடிநீர் இலாகாவில் கசிவு அடைக்கும் பிரிவிலேயே சேர்ந்து அதே பிரிவிலேயே ஓய்வு பெற்றவன். எங்கள் மேலதிகாரி "அந்தத் தெருவுல ஓட்டையாம், பாத்துக்கோ" என்றால், போய் அதன் எதிரில் உட்கார்ந்து அழகு பார்த்துக்கொண்டிரு என்று அர்த்தமில்லை. அடைத்துவிட்டு வா என்று அர்த்தம். குழந்தையைப் பார்த்துக்கொள்வது வேறு, ஓட்டையைப் பார்த்துக்கொள்வது வேறு என்று ஊறிப்போன மனுஷன் நான். நீங்கள் தெருமுனை திரும்புவதற்குள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டேன்.

குழாய் அடைக்கிற பசை என்னிடம் எப்போதும் கையிருப்பு உண்டு. அதைப் பிசைந்து ஒரு ஓட்டை பாக்கியில்லாமல் அடைத்து, கட்டைவிரலால் வழித்து, மேலே கறுப்புப் பெயின்ட்டும் அடித்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, அங்கே ஓட்டை இருந்ததாக நீங்களே வந்து தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. "என்ன மாமா பண்றீங்க?" என்று மாப்பிள்ளை குனிந்து கேட்டார். "உங்கப்பா சொல்லிட்டுப் போன வேலை" என்றேன். தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். அப்பா என்ற பேச்சு வந்தால் எதிர்க்கேள்வி கேட்பதில்லை, நல்ல வளர்ப்பு. இந்த ஒரு தடவை கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது, விடாமல் ஊற்றியது. பின் விளக்குக்கு ஒயர் போவதற்காக மேல்பக்கம் ஒரு துளை விட்டிருக்கிறீர்களே, அதை நான் அடைக்கவில்லை. அதற்குள் ஒயர் இருந்ததால் அதை ஓட்டை வகையில் நான் சேர்க்கவில்லை. மழைத்தண்ணீர் சேர்த்துக்கொண்டது. ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கி, வெளியே போக வழியில்லாமல் சட்டத்துக்குள்ளேயே குடித்தனம் செய்ய ஆரம்பித்துவிட்டது. இது தெரியாமல் நானும் மாப்பிள்ளையும் கன்றுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பிரேக் போட்டால் பின்னால் 'களக்' என்றது. "என்ன மாமா சத்தம்?" என்றார். "கன்னுக்குத் தண்ணி ஊத்தியிருக்காங்க இல்ல, அதுதான்" என்றேன். மேட்டில் ஏறும்போது 'களக்' பின்பக்கம் ஓடியது, பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் ஓடிவந்து நின்றது. நாங்கள் நின்ற பிறகும் அது மட்டும் கொஞ்ச நேரம் போய்க்கொண்டிருந்தது. நாற்சந்தியில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"உள்ளே என்ன?"

"மரக்கன்னுங்க சார்."

"அதைக் கேக்கல. கீழே சட்டத்துக்குள்ள?"

"ஒண்ணுமில்ல சார், வெத்துக் குழாய்."

அவர் டிரெய்லரின் விளிம்பில் கையை வைத்து மெதுவாக ஒரு ஆட்டு ஆட்டினார். களக், களக்.

"ஒண்ணுமில்லாததா இப்படிப் பேசுது?"

 அவர் சிரித்துக்கொண்டே போகச் சொல்லிவிட்டார். அபராதம் போட்டிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது, சம்பந்தி.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "கழுவின பாத்திரத்தை நான் ஏன் கவுத்து வெக்கிறேன்? தண்ணி வடியத்தானே. ஈரத்தோட மூடி வெச்சா உள்ளே என்ன ஆகும்? ஓட்டையைப் பாத்துக்கன்னா அடைபட்டுப் போகாம பாத்துக்கன்னு அர்த்தம். அவர் தண்ணி வடியட்டும்னு விட்டு வெச்ச வழியைப் போய் அடைச்சிருக்கீங்களே" என்றாள். எனக்கு எல்லாம் கண்முன் ஓடியது. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே துரு தின்றுகொண்டேயிருக்கும், ஒருநாள் கன்றுகளோடு நடுரோட்டில் சட்டம் இரண்டாக முறியும். சம்பந்தி கட்டிக்கொடுத்ததை சம்பந்தி கெடுத்தான் என்ற பேச்சு என் தலையில் விடியும். 

மறுநாள் காலையிலேயே துளைபோடும் மிஷினை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். முதல் ஓட்டை திறந்ததுமே கெட்டி டீ நிறத்தில் தண்ணீர் என் முகத்தில் பீய்ச்சியடித்து, அங்கிருந்து வழிந்து, மாடியில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் புதிதாகப் போட்டிருந்த வெள்ளை டைல்ஸ் முழுக்கப் பரவியது. அவர் மாடியிலிருந்து அலறியடித்துக்கொண்டு இறங்கிவந்து, "என்னங்க இது, ரத்தமா?" என்றார். "பயப்படாதீங்க, துருதான்" என்றேன். "ரத்தமா இருந்தா கழுவியாவது விடலாமேங்க" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். அவரோடு இன்னும் சுமுகமாகவில்லை. எதிரில் வந்தால் என் முகத்தைப் பார்க்காமல் டைல்ஸைத்தான் பார்க்கிறார்.

தண்ணீர் வடிந்தால் போதாது, உள்ளே காயவேண்டும் அல்லவா? வீட்டிலிருக்கும் தூசி உறிஞ்சும் மிஷினைத் திருப்பிப் போட்டால் காற்று ஊதும் என்று என் மகள் சொன்னாள். அதில் ஏற்கெனவே உறிஞ்சிய தூசி இருந்ததை யாரும் சொல்லவில்லை. இந்த ஓட்டையில் நான் ஊத, அந்த ஓட்டைக்கு எதிரில் நின்றிருந்த என் மனைவி மேல் எங்கள் வீட்டுக் குப்பையெல்லாம் போய்ச் சேர்ந்தது.  பிறகு நல்ல வெயிலில் போட்டுக் காயவைத்தோம். உள்ளே எட்டிப்பார்க்க ஒயர் முனையில் குட்டிக் கேமரா ஒன்று மாப்பிள்ளை வாங்கிவந்தார், போனில் படம் தெரிகிறது. லேசான காவிப் பொடிதான், சம்பந்தி. சுத்தியலால் சட்டம் நெடுகத் தட்டிப் பார்த்தேன். எங்கே தட்டினாலும் 'டங்' என்றது, ஒரு இடத்தில்கூட 'தொப்' என்று சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப்பிறகு துருத்தடுப்பு மெழுகெண்ணெய் வாங்கினோம். கெட்டியாக இருந்தால் இடுக்குகளுக்குள் ஓடாது, டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கவேண்டும் என்று போட்டிருந்தது. வைத்தேன். பால் பாத்திரத்தில் வைத்தேன். அதற்கு நடந்த அர்ச்சனையை இங்கே எழுதவில்லை. டப்பாவோடு நீளமான மெல்லிய குழாய் ஒன்று வருகிறது, அதன் நுனி நாலாபக்கமும் தெளிக்கும். அதைச் சட்டத்துக்குள் கடைசிவரை விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக வெளியே இழுக்கவேண்டும். நான் இந்த முனையில், மாப்பிள்ளை டார்ச்சோடு அந்த முனையில்.

"வருதா மாப்பிள்ளை?"

"இன்னும் வரல மாமா."

"இப்ப?"

"இல்ல மாமா, நல்லா அழுத்துங்க."

நல்லா அழுத்தினேன். பதில் இல்லை. போய்ப் பார்த்தால், கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பித்தது, மற்றபடி நெற்றியிலிருந்து தாடை வரை பூசிக்கொண்டு அப்படியே நிற்கிறார். உங்கள் மகனின் மீசைக்கு இனி ஆயுசுக்கும் துரு பிடிக்காது, அதற்கு நான் பொறுப்பு. என் மகள் வந்து பார்த்தாள். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பண்ணை ஆரம்பித்த நாளிலிருந்து அந்தப் பெண்ணின் முகத்தில் கவலையைத் தவிர நான் ஒன்றும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவள் சிரித்ததை, வேலையை விட்டுவிட்டு நின்று கேட்டேன். அந்த டிரெய்லர் அவள் வாசலில் நிற்கவேண்டும் சம்பந்தி, வேறு எனக்கு ஒன்றும் வேண்டாம்.

இப்போது நிலவரம் இதுதான். மெழுகு இணைப்பு இடுக்குகளிலெல்லாம் ஊறி வெளியே கசிகிறது, கசிந்தால்தான் உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒயர் துளைக்கு இறுக்கமான ரப்பர் வளையம் போட்டாகிவிட்டது. அடி ஓட்டைகள் எல்லாம் திறந்தே இருக்கின்றன, வண்டியைக் கழுவும்போதெல்லாம் சேறு அடைக்காமல் கம்பியால் குத்திவிடுகிறேன். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று இந்த வயதில் கற்றுக்கொண்டேன். என் புத்தி குறைவைப் பெரிய மனசோடு மன்னித்து, ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வரும்போது விருந்தாளியாக மட்டும் வரவேண்டுகிறேன். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கங்கள். தங்கள் வீட்டில் எல்லா நன்மையும் உண்டாகட்டும், எதிலும் துரு ஏறாமல் இருக்கட்டும்.

தங்கள் அன்பையும் டிரெய்லரையும் என்றும் வேண்டும்,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது தாங்களே போன் செய்தீர்கள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, எடுத்த எடுப்பில் "தண்ணியெல்லாம் வடிச்சாச்சு சம்பந்தி" என்று உளறிவிட்டேன். "என்ன தண்ணி?" என்று கேட்டீர்கள். யாரும் எதையும் போட்டுக்கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "அடைக்கத்தானே சொன்னேன் சம்பந்தி. வெல்டிங் வெக்கும்போது சூட்டுக்காத்து வெளியே போக விட்ட ஓட்டை அது. எல்லாத்தையும் காத்துப் புகாம அடைச்சிட்டா உள்ளே துருவே வராது. ஒயர் ஓட்டையை ஏன் விட்டீங்க?" என்றீர்கள். ஆகவே மேலே நான் கேட்டுக்கொண்ட மன்னிப்புகளில் ஒயர் துளைக்கு உண்டானதை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியைத் தயவுசெய்து திருப்பி அனுப்பவும், மனைவியிடம் காட்டவேண்டியிருக்கிறது. மெழுகு போட்டபிறகு திறந்திருப்பதும் நல்லதுதான், இனி அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னீர்கள். டிரெய்லரைக் காலியாக வைக்கச் சொன்னது, கன்றுகளுக்கு வெயில் படாமல் மேலே பொருத்த ஒரு கூரைச் சட்டம் செய்து எடுத்துவருவதற்காகவாம். "திருப்பி எடுத்துட்டுப் போறதா? பிள்ளைங்களுக்குக் குடுத்ததையா?" என்று கேட்டீர்களே, அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி என் மகளின் காதில் போனை வைத்தேன். அந்தக் கூரைச் சட்டமும் வெற்றுக் குழாய்தான் என்றதும், ஓட்டைகளை நான் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "வேணாம் வேணாம், இந்தத் தடவை நானே பாத்துக்கிட்டேன்" என்றீர்கள். அடைத்தீர்களா, திறந்து வைத்தீர்களா என்று நான் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டீர்கள்.