ஜெர்மன் அங்கிள் மலை ஏறிய நாள்

மெல்போர்ன் பக்கத்து ரோவிலில் ஜெர்மன் அங்கிளைத் தெரியாத தமிழர் யாராவது இருந்தால், அவர் இன்னும் விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் அவருடைய அப்பா அம்மா ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் வட்டாரத்தில் யாருக்கும் அது தெரியாது.

என் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர், ஹோமப் புகைக்கு நடுவே எழுந்து போய் ஜன்னலைத் திறந்து திறந்து மூடினார். "தம்பி, இது யன்னலோ? பூட்டின பிறகும் காத்து வருது. ஜெர்மன் யன்னல் எண்டால் பக்கத்து வீட்டுச் சண்டை கூடக் கேளாது!" ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். குப்பை எடுக்கும் நாளில் தெரு முழுக்க நடந்து, மறுசுழற்சிக்கான மஞ்சள் மூடித் தொட்டிகளைத் திறந்து பார்ப்பார். தயிர் டப்பாவைக் கழுவாமல் போட்ட வீட்டின் அழைப்பு மணி அடுத்த நிமிடம் அடிக்கும்.

"அங்கை இப்பிடிச் செய்தால் ஊரே கதைக்கும்!"

"அங்கை" என்றால் யாழ்ப்பாணம் இல்லை. ஆஸ்திரேலியாவுக்கு வருவதற்கு முன், ஜெர்மனியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அவர் வாழ்ந்த ஊர். அவர் வர்ணிப்பதைக் கேட்டால் அங்கே தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே வைன் கொட்டும் போலிருக்கும். அவருடைய மனைவி ராணி அன்ரி, "ஓம் ஓம், அங்கையே இருந்திருக்கலாம்" என்றபடி வந்தவர்களுக்கு வடையைத் தட்டில் வைப்பார்.

போன வருடம் அலுவலக வேலையாக நான் ஃபிராங்க்ஃபர்ட் போயிருந்தேன். லண்டனில் மகள் வீட்டுக்கு வந்திருந்த அங்கிளுக்கு எப்படியோ சேதி எட்டிவிட்டது. "தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையும் வைக்காதையும். நாங்கள் வாறம். என்ரை ஊரை நடந்தே காட்டுறன்" என்று போனில் உத்தரவு வந்தது.

காட்டோரமாக இருந்த ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினோம். அங்கிள் கோட், டை, பளபளக்கும் தோல் சப்பாத்து என்று வந்திருந்தார். அன்ரி சேலைக்கு மேலே ஸ்வெட்டர், காலில் ஓட்டச் சப்பாத்து, தோளில் புட்டுப் பொட்டலம் வைத்த பை.

"அங்கிள், மலை ஏறத்தானே போறோம்?"

"ஓம். அதுக்கு? ஆக்கள் பாப்பினம்."

காட்டுக்குள் நுழைந்ததும் மனிதர் இளைஞராகிவிட்டார். வளைவு வருவதற்கு முன்பே, "அங்காலை ஒரு வேர் நிக்குது, காலைப் பாத்து வையுங்கோ" என்பார். வேர் நிற்கும். ஒரு பெரிய மரத்தடியில் குனிந்து, முள்ளுறைக்குள்ளிருந்து கஷ்கொட்டைகளை எடுத்து அன்ரியின் பையில் நிரப்பினார். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் அவருடைய ஜெர்மன் மழையாகக் கொட்டியது. என் அலுவலக ஜெர்மனை வைத்துக் கூர்ந்து கேட்டபோதுதான் எல்லோருக்கும் ஒரே மழை என்று தெரிந்தது: "வணக்கம், தயவுசெய்து, நன்றி, நாளைக்கு வாருங்கள்." ஒரு அம்மாள் நின்று, நாளைக்கு எங்கே வரவேண்டும் என்று கவலையோடு விசாரித்தார்.

மலை உச்சியில் காடு சட்டென்று முடிந்தது. கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை மஞ்சளாகப் பழுத்த திராட்சைத் தோட்டங்கள். நடுவே சிவப்புக் கூரைகள், ஒரு தேவாலயக் கோபுரம். பாதையோரத்தில் அடுத்த மாவட்டத்தின் பெயர் எழுதிய ஒரு எல்லைப் பலகை. அங்கிள் அதற்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"அதானே உங்க ஊர்? எந்தப் பக்கம் இறங்கணும் அங்கிள்?"

"தெரியாது தம்பி."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

"நான் இருந்தது நாங்கள் இறங்கின ரயிலடிக்குப் பக்கத்து அகதி விடுதியிலை" என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமல். "விசா முடிவு வருமட்டும் இந்த மாவட்டத்தை விட்டு வெளிய போகேலாது. பிடிபட்டால் கேஸ் எழுதுவினம். ஒவ்வொரு ஞாயிறும் இவ்வளவு தூரம் நடந்து வருவன். இதிலை நிண்டு பாத்திட்டுத் திரும்பிப் போவன். கடைசியிலை முடிவும் இல்லையெண்டுதான் வந்தது."

அன்ரி பையைக் கீழே வைத்தார். "கலியாணம் பேசேக்கை அந்த ஊரிலை இருந்தனான் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"விடுதியிலை இருந்தனான் எண்டு சொல்ல வெக்கமா இருந்திச்சு ராணி."

இவ்வளவு வருடமும் வடை பரிமாறிக்கொண்டே கேட்ட ஊரை அன்ரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று பலகையைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் நின்று திரும்பினார்.

"வாங்கோ. ஆர் பிடிக்கினம் எண்டு பாப்பம்."

அங்கிள் டையைச் சரிசெய்தார். கோட்டுப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஒரு கால் எடுத்து வைத்த அந்த நேரத்தில்தானா பச்சைச் சீருடை போட்ட வனக்காவலர் ஒருவர் மரங்களுக்குள்ளிருந்து வரவேண்டும்! அவர் வாய் திறப்பதற்குள் அங்கிள் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டை உருவி இரண்டு கையாலும் நீட்டினார். காவலர் குழம்பிப்போய் வாங்கினார். அட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஆ, கங்காரு!"

அவ்வளவுதான். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, கீழே போகும் வழியையும் கையால் காட்டிவிட்டு, சீட்டியடித்தபடி போய்விட்டார். அங்கிள் ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமுமாக நின்றார். அன்ரி வந்து கையைப் பிடித்து மற்றக் காலையும் இழுத்துக்கொண்டார்.

வழி காட்டியும் கொடிகளுக்கு நடுவே இரண்டு முறை தொலைந்தோம். ஒருவழியாக ஊருக்குள் இறங்கியபோது, ஒரு தோட்டக்காரர் வீட்டு முற்றத்தில் பெஞ்சு போட்டு, புளித்துக்கொண்டிருந்த புது வைனை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கலங்கலாக, நுரையோடு. அன்ரி ஒரு வாய் குடித்துவிட்டுக் கத்தினார்: "இது எங்கடை கள்ளெல்லோ!"

அங்கிள் ஒரு பிரசங்கம் செய்வார் என்று காத்திருந்தேன். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல ஊர்தான், என்ன?" என்று அன்ரியிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஓம். நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கு."

மாலையில் ரயிலடிக்குத் திரும்பும் பஸ்ஸில் அங்கிள் அன்ரியின் தோளில் சாய்ந்து, வாய் திறந்தபடி தூங்கிப்போனார். எங்கள் நிறுத்தம் வந்தது. நான் அன்ரியைப் பார்த்தேன், அன்ரி என்னைப் பார்த்தார்; இருவரும் அவரை எழுப்பவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பி நடந்து வந்தோம்.