மீன்களுக்கு வேப்பிலை கட்டிய படலம்

இரவும் பகலும் ஓயாது முணுமுணுக்கும் மீன்தொட்டிக் காற்றுப் பம்பே, கண்டதையெல்லாம் கண்டும் வாய் திறவாத பொறுமைக் கடலே, நீயே வந்து என் நாவில் அமர்க! செந்தூல் அடுக்குமாடியின் நான்காம் தளத்தைக் கட்டியாள்பவனும், பெட்டாலிங் ஜெயா அலுவலகமொன்றில் கோப்புகளை அஞ்சி நடுங்க வைப்பவனும், எவர் எதைச் சொன்னாலும் அது முன்பே தனக்குத் தெரியும் என்று தலையசைக்கும் பேரறிவாளனுமாகிய சுகுமாறன் என்னும் மாவீரனின் புகழ் பாடப் புகுந்தேன். வேறு நல்ல வீரன் யாரும் அகப்படாததால் பாடுகிறேன்.

இரண்டடிக் கண்ணாடித் தொட்டியே அவன் நாடு. நீலவரி மின்னச் செவ்வால் துலங்க ஊசிபோல் ஓடும் நியான் டெட்ரா மீன்களே அவன் குடிகள். நாடு அமைந்த அன்றே, கிள்ளானில் பத்தாண்டுகளாக மீன் வளர்த்துவரும் மனைவியின் அண்ணன் கமலநாதன் எழுந்தருளி, "மாப்ள, மொதல்ல ஒரு மாசம் தண்ணிய சும்மா ஓட விடுங்க, அப்புறம் மீனு. பைப்பு தண்ணிய நேரா ஊத்திராதீங்க லா. வாளில ஒரு நாளு வச்சி ஊத்துங்க, குளோரின் மருந்து அடங்கட்டும்" என்று உபதேசித்தார். "தெரியும் மச்சான்" என்றான் நம் வீரன். அன்று மாலையே இருபது மீன்கள் குடியேறின. அந்த வாரம் முடிவதற்குள் இருபதும் வீரசுவர்க்கம் எய்தின. இரண்டாம் படையும் மூன்றாம் படையும் அவ்வழியே சென்றன. சிலருக்குத் தொட்டதெல்லாம் துலங்கும். இவனுக்குத் தொட்டதெல்லாம் மிதந்தது.

நான்காம் படையாகப் பன்னிரண்டு மீன்களைப் பையிலிட்டுக் கொடுத்த கடைக்காரர், "இதான் கடைசி, boss. இனிமே உங்களுக்கு விக்க மாட்டேன், மீனு பாவம் லா" என்று கைகூப்பினார். மூன்று முறை மீன்களுக்கு ஈமக்கடன் செய்து சலித்த இல்லத்தரசி லோகேஸ்வரியோ, அகப்பையைச் செங்கோலென உயர்த்திப் பிரகடனம் செய்தாள்: "வர்ற ஞாயித்துக்கெழம எங்கண்ணே வராரு. அன்னிக்கு இதுல உசுரோட மீனு இல்லன்னா, தொட்டி அவரு காருல ஏறிரும். சொல்லிட்டேன்!"

தொட்டி போவதைக்கூட அவன் தாங்குவான். அது கமலநாதனின் காரில் ஏறிப் போவதை எப்படித் தாங்குவான்? மீசை துடித்தது. உள்ளுக்குள் அவனுக்கு மெய்யாகவே பயம்.

வியாழக்கிழமை மீன்களின் மேனியெங்கும், உப்பைத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றின. அந்நோய்க்கு மருந்து உண்டு. சிறு குப்பியில் மீன் கடையிலேயே கிடைக்கும். ஆனால் போய்க் கேட்பதென்றால் தெரியாதென்று ஒப்புக்கொள்ள வேண்டுமே! அத்தகைய இழிசெயலை அவன் குலத்தில் எவரும் செய்ததில்லை. ஆகவே தொட்டியின் முன் நின்று, கண்ணை இடுக்கி, மோவாயைத் தடவி, மருத்துவப் பெருந்தகை திருவாய் மலர்ந்தான்: "அம்மை போட்டிருக்கு."

அவ்வளவுதான். கோயில் வேம்பு பாதி மொட்டையாயிற்று. தொட்டியின் நாற்புறமும் வேப்பிலைத் தோரணம் தொங்கிற்று. நீரில் மஞ்சள் கரைக்கப்பட, சாம்பார் நிறங்கொண்ட அப்பெருங்கடலில் பன்னிரு மீன்களும் திசையறியாது திரிந்தன. அம்மை கண்ட வீட்டின் விரதங்கள் யாவும் அரசாணைகளாகப் பிறந்தன: தாளிக்கலாகாது, கறி சமைக்கலாகாது, மீன் பொரிப்பதை நினைக்கவும் ஆகாது. முத்தாய்ப்பாக, அம்மை கண்ட வீட்டுக்கு வெளியாள் வரலாகாது. ஆதலால் ஞாயிற்றுக்கிழமை மச்சானும் வரலாகாது. கண்டீர்களா, மாவீரன் எங்கே சுற்றி எங்கே வந்து நின்றான் என்று!

"எங்கண்ணனுக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டு எறங்கிருச்சி. அவரு வருவாரு" என்றாள் லோகேஸ்வரி.

என்ன விந்தை! மீன்கள் சாகவில்லை. மஞ்சளைத் தாங்கின, வேம்பைத் தாங்கின, மணிக்கொருமுறை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு முறைத்த வீரனின் முகத்தையும் தாங்கின. சனிக்கிழமை காலையிலும் பன்னிரண்டும் நீந்திக்கொண்டிருந்தன. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அவன் வென்றிருப்பான். ஆனால் மூன்றாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாமா? முறை என்று ஒன்று இல்லையா? மஞ்சள் நீரைச் சொட்டு விடாமல் இறைத்தெறிந்து, இரண்டு நாள் தண்ணீர்த் தடைக்குப்பின் அன்றுதான் மருந்து வாடை மூக்கைத் துளைக்க வந்திருந்த பைப்பு நீரை, குழாயிலிருந்து நேரே பிடித்து, இரண்டு வேப்பிலைக் கொத்தும் மிதக்கவிட்டு, மங்கலமாக ஊற்றினான். மதியச் சோறு வேகுமுன் களம் அடங்கியது. பன்னிருவரும் வயிறு வெளுக்க மிதந்தனர்.

கடைக் கதவு அடைபட்டவன் எங்கே போவான்? அடுக்குமாடியின் பின்னே ஓடும் லோங்காங்கில், சட்டி கழுவிய நீரும் மழைநீரும் கலந்தோடும் அச்சாக்கடையில், வேப்பிலையின்றி, காற்றுப் பம்பின்றி, அறிவாளி எவன் துணையுமின்றித் தலைமுறை தலைமுறையாகக் கொழித்து வாழ்கின்றன, நிறம் மங்கி வால் மட்டும் விசிறியாய் விரிந்த கப்பி மீன்கள். தேநீர் வடிகட்டியை வாளாக ஏந்தி, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, அவற்றின்மேல் படையெடுத்துச் சென்றான் சுகுமாறன். ஒரு செருப்பைக் களப்பலியாகக் கொடுத்தான். அரை மணி நேரப் பெரும்போரில் பதினொரு கப்பிகளைச் சிறைபிடித்து, பழைய நீரைக் கொட்டிவிட்டு, அவற்றின் சொந்தச் சாக்கடை நீரோடே தொட்டியில் குடியேற்றினான்.

ஞாயிறு வந்தது. கமலநாதனும் வந்தார். குனிந்தார், நெடுநேரம் பார்த்தார். "அம்மையில நெறம் போயிருச்சி மச்சான். ஆனா பொழச்சிருச்சி!" என்று வீரன் முழங்கினான். கமலநாதன் வாசலில் கிடந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "வாலு மட்டும் நல்லா விரிஞ்சிருக்கே, மாப்ள?"

பேரறிவாளனின் தலை கவிழ்ந்தது. முதல்நாள் துணி காயப் போட்டுக்கொண்டே நான்காம் மாடியிலிருந்து போர் முழுவதையும் கண்டிருந்த லோகேஸ்வரி, கணவனின் சிவந்த காதுகளை ஒருகணம் நோக்கினாள். பிறகு, "மீனு உசுரோட இருக்கணும்னுதானே சொன்னேன், இருக்கு. தொட்டி இங்கயே இருக்கட்டும் அண்ணே, சாப்பிட வாங்க" என்று தீர்ப்பளித்தாள்.

அன்றிலிருந்து தீனி போடுவதும் தண்ணீர் மாற்றுவதும் லோகேஸ்வரிதான். மீன் ஒன்றும் சாகவில்லை.