பாதிப் பேருக்குக் காற்று

ஒப்பீட்டுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பார்வைக்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார். வாயைத் திறந்தால்தான் தெரியும். பசிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், "சாப்பிடாததாலதான் பசிக்குதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்பார். தொழிலாளிகள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று பதினோரு வருஷமாக ஆராய்ந்து, மூவாயிரம் தொழிற்சாலைகளின் விவரங்களை மடிக்கணினிக்குள் அடைத்து வைத்திருப்பார்; ஆனால் ஒரு தொழிலாளியோடு ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார். பேசினால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம்.

இப்படி ஒருவர் குடும்பத்துக்குள்ளேயே இருந்துவிட்டால்? பள்ளிக்கூடப் பை தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு சின்ன முதலாளிக்கு அந்தப் பாக்கியம் வாய்த்தது. அக்கா வீட்டுக்காரர்!

தகரக் கூரையின் கீழ் நாற்பது தையல் மெஷின்கள். மாதக் கடைசியில் கப்பலேற வேண்டிய பைகள் பன்னிரண்டாயிரம். தேதி தவறினால் வெளிநாட்டுக் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். முதலாளி கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த நேரம் பார்த்து வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் வேலையை விட்டுப் போக, புதிதாக வந்தவர்களும் தாக்குப்பிடிக்காமல் போனார்கள். பாவம், மனிதர் தவித்துப்போய், "மாமா, நீங்கதான் இதுல பெரிய ஆளாச்சே, வந்து பாருங்களேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

மாமா வந்தார். ஜிப் வைப்பதில் கெட்டிக்காரியானதால் ஜிப்பக்கா என்று பேர் வாங்கியிருந்த மூத்த தையல்காரி, அவர் கேட்பதற்கு முன்னாலேயே பதில் சொல்லிவிட்டார்.

"உள்ள வேகுது சார். ஃபேன் போட்டா யாரும் போக மாட்டாங்க."

"அது உங்க அபிப்பிராயம்மா."

"அபிப்பிராயம் இல்ல சார், வேர்வை."

முதலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மின்விசிறிக்குச் சொல்லிவிடப் போனை எடுத்தார். மாமா கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் போட்டுட்டா, அதனாலதான் ஆளு போகலன்னு எப்படி நிரூபிப்பே மாப்ளே? பாதிப் பேருக்குப் போடு. மீதிப் பேரோட ஒப்பிட்டுப் பார்ப்போம்."

எந்தப் பாதி? மாமா காசைச் சுண்டினார். பையின் உடம்பும் தோள்வாரும் தைக்கிற இடது வரிசைக்குக் காற்று. ஜிப் வைக்கிற வலது வரிசைக்கு ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் மாமா அலறிக்கொண்டு ஓடி வந்தார். மெஷின் தீப்பிடித்ததா? யாருக்காவது விரலில் ஊசி ஏறியதா? அதெல்லாம் இல்லை. இடது பக்கத்துக் காற்று வலது பக்கமும் கொஞ்சம் வீசுகிறதாம்.

"காத்து கசியுது மாப்ளே! ஆராய்ச்சியே பாழாயிடும்!"

கூடத்தின் நடுவே தரையிலிருந்து கூரை வரை ஒட்டுப்பலகைத் தடுப்பு எழும்பியது. இருந்த ஒரே ஜன்னலும் இடது வரிசையோடு போய்விட்டது. ஜிப்பக்கா பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு முதலாளியின் முகத்தைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார். அக்கா வீட்டுக்காரரை எதிர்த்துப் பேசத் தைரியமில்லாத தன்னை நினைத்து அவருக்கு அவமானமாக இருந்தது.

எதிர்த் தெருவில் குடை தைக்கும் முதலாளிக்கு ஒப்பீடெல்லாம் தெரியாது. செய்தி காதில் விழுந்ததும் தன் கூடம் முழுக்க மின்விசிறி மாட்டினார். அடுத்த திங்கட்கிழமை வலது வரிசை மொத்தமும் ஜிப்பக்கா தலைமையில் தெருவைக் கடந்து போய்விட்டது. இடது வரிசை குளுகுளுவென்று உட்கார்ந்து, வாய் மூடாத பைகளை மலையாகத் தைத்துக் குவித்தது.

மாமாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"இந்தப் பக்கம் ஒருத்தரும் போகல, அந்தப் பக்கம் ஒருத்தரும் இல்ல! இவ்வளவு சுத்தமான முடிவை நான் பார்த்ததே இல்ல மாப்ளே! ஃபேன் போட்டா ஆளு தங்குது!"

"அதைத்தான் மாமா ஜிப்பக்கா முதல் நாளே சொன்னாங்க."

"சொன்னாங்க. ஆனா அது உண்மைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அன்றைக்குத்தான் முதலாளிக்குக் கோபம் வந்தது. தடுப்பைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டு, வலது பக்கமும் மின்விசிறி மாட்டச் சொல்லிவிட்டு, தெருவைக் கடந்து ஓடினார். கப்பலுக்கு இன்னும் ஐந்து நாள்.

"அக்கா, தப்பு என்னோடதுதான். எல்லாருக்கும் ஃபேன் போட்டாச்சு. வந்துடுங்க."

ஜிப்பக்கா குடைத்துணியை மடித்து வைத்துவிட்டு நிதானமாக யோசித்தார்.

"சரி சார். பாதிப் பேரை அனுப்பறேன். மீதிப் பேர் இங்கயே இருக்கட்டும். ஒப்பிட்டுப் பார்ப்போம்."

கப்பல் ஆறாயிரம் பைகளோடு கிளம்பியது. வெளிநாட்டுக் கம்பெனி அடுத்த வருஷத்துக்கும் ஆர்டர் கொடுத்தது, பாதி மட்டும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் வீட்டில் யாரோ "புழுங்குது" என்றபோது எழுந்து ஜன்னலைத் திறந்தீர்களா, இல்லை கைப்பேசியில் இன்று எத்தனை டிகிரி என்று பார்த்துவிட்டு, "நேத்தைவிடக் குறைச்சல்தானே" என்றீர்களா? நீங்களும் அந்த இனம்தானோ என்று எனக்குத் தெரியாது. வீட்டில் இருப்பவர்களையே கேட்டுப் பாருங்கள். ஆனால் அவர்கள் சொன்னால்தான் நீங்கள் நம்ப மாட்டீர்களே!