ஒரே ஒரு கோடு மட்டும் போடும் வாத்தியார்

வாத்தியார்களில் பல இனம் உண்டு. அடிக்கிற வாத்தியார், அடிப்பேன் அடிப்பேன் என்று சொல்லியே ஓய்வு பெற்றுவிடும் வாத்தியார், கணக்குப் பாடம் முடியவில்லை என்று ஓவியப் பீரியடை அபகரிக்கும் வாத்தியார், இவர்களையெல்லாம் நீங்கள் நன்றாக அறிவீர்கள். இப்போது நான் அறிமுகப்படுத்தப் போகிறவர் இவர்களைவிட நல்லவர். கோபமே வராது. பிள்ளைகள் என்றால் உயிர். ஆபத்தே அங்குதான் இருக்கிறது. பிள்ளை எதையாவது செய்துகொண்டிருந்தால் அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது, உள்ளங்கை அரிக்கும், மூச்சு முட்டும், பிறகு வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்துவிடும்: "செத்த இங்க தா, ஒரே ஒரு கோடு மட்டும் போட்டுத் தாரேன்."

எங்கள் பள்ளியில் இந்த இனத்தின் முழுவளர்ச்சி பெற்ற மாதிரி, ஓவிய ஆசிரியர் ஐயாதுரை. பள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பெயர் வேண்டாம், நான் இன்னும் அங்கேதான் தமிழ் வாத்தியாராகச் சம்பளம் வாங்குகிறேன். ஐயாதுரை ஒரு கோடு என்று சொல்லித்தான் பென்சிலை வாங்குவார். கோட்டுக்குத் துணையாக இன்னொரு கோடு வேண்டாமா? இரண்டு கோடு வந்தபிறகு நிழல் வேண்டாமா? நிழல் விழ வேண்டுமானால் சூரியன் வேண்டாமா? சூரியன் எழுந்திருக்க ஒரு மலை, மலையிலிருந்து இறங்க ஓர் ஆறு, ஆறு சும்மா கிடக்கக் கூடாதே என்று ஒரு படகு. மணி அடிக்கும்போது படத்தில் பிள்ளை போட்டது மூலையில் இருக்கும் பெயரும் வகுப்பும்தான். போன வருடம் வந்த அதிகாரி நாற்பது படங்களையும் பார்த்துவிட்டு, "எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி கை வந்திருக்கிறதே!" என்று வியந்தார். ஐயாதுரைக்கு அன்று முழுக்கச் சிரித்த வாய் மூடவில்லை.

இது தொற்றக்கூடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தையல் டீச்சர் வைஜயந்தியின் வகுப்பில் முப்பது பெண்கள் மூன்று வருடம் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். முப்பது நோட்டிலும் ஒட்டியிருக்கும் காஜாக்கள் அச்சடித்ததுபோல் இருக்கும், ஏனென்றால் முப்பதும் டீச்சர் எடுத்தவை. மின்சாரத் தொழிற்பயிற்சி சொல்லித்தரும் சோலைராஜ் சார் ஒயரிங் செய்யும்போது மாணவர்கள் டார்ச் அடிப்பார்கள். மிக நன்றாக அடிப்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் மின்விசிறி நின்றுபோனபோது, தேர்ச்சிச் சான்றிதழ் பெற்ற பதினாறு பேர் கீழே நின்று அண்ணாந்து பார்க்க, சோலைராஜ்தான் மேஜைமேல் ஏறினார்.

சரி, சிரித்தது போதும். பாண்டிசெல்வியின் கதைக்கு வருகிறேன்.

பாண்டிசெல்வி பத்தாம் வகுப்பு, வன்னியம்பட்டிப் பெண். அவள் அம்மா அங்காளம்மாளுக்கு ராஜபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. இந்த வருடப் பள்ளிக் கண்காட்சிக்கு அந்தப் பெண் வரைந்த படத்தை முதலில் பார்த்தவன் நான். நைட் ஷிப்ட் முடிந்து மில் பஸ்ஸில் திரும்பும் அம்மா. ஜன்னல் கம்பியில் தலை சாய்ந்திருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, தலைமுடியெல்லாம் பஞ்சு. மடியில் தூக்குச்சட்டி; தூக்கத்திலும் அதை ஒரு கை பிடித்திருக்கிறது. நான் ஓவியம் தெரிந்தவனல்ல. ஆனாலும் அந்தக் கையை மறுபடி மறுபடி பார்த்தேன்.

"உன்னையத்தான் வரஞ்சிருக்கேன்னு அம்மாட்ட சொல்லிட்டேன் சார். நம்பவே மாட்டேங்காக. வந்து பாக்கேன்னிருக்காக" என்றாள். அங்காளம்மாள் அதுவரை பள்ளி வாசலை மிதித்ததில்லை.

மறுநாள் படம் ஐயாதுரையின் கைக்குப் போனது. வழக்கமான வாக்கியமும் வந்தது.

"தூங்குற ஆளை யாரும்மா பார்ப்பாக? கண்ணை மட்டும் திறந்து விடுவோம்."

"சார், அம்மா அந்தப் பஸ்ல முழிச்சு வந்ததே இல்ல சார்."

"அதுக்குத்தான் சொல்லுதேன். படத்துலயாச்சும் முழிக்கட்டும்."

கண் திறந்தது. கண் திறந்தபின் வாய் திறந்திருக்கக் கூடாதாம், புன்னகை வந்தது. முடியில் இருந்த பஞ்சை நரை என்று நினைத்துக் கறுப்பு அடித்தார், கறுப்பு வெறிச்சென்று இருப்பதாகப் பட்டு மல்லிகைப்பூ வைத்தார். ஜன்னலுக்கு வெளியே மலை, ஆறு, படகு. அவர் கேட்ட கலரையெல்லாம் பாண்டிசெல்வி எடுத்துக் கொடுத்தாள். சாருக்கு எதிரே என்ன சொல்வாள்? படத்துக்கு முதல் பரிசு. மாவட்டக் கண்காட்சிக்குத் தேர்வு என்று ஒரு சீட்டும் ஒட்டினார்கள்.

கண்காட்சியன்று காலை, நைட் ஷிப்ட் முடித்த அங்காளம்மாள் வீட்டுக்குப் போகாமல் நேரே பள்ளிக்கு வந்துவிட்டார். மகளுக்குப் பின்னால் வரிசையாகப் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பரிசுப் படத்தையும் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

"ஏட்டி, உன் படம் எங்க?"

"அந்தா, இப்பப் பாத்தியே, அதுதாம்மா."

அங்காளம்மாள் திரும்பி வந்து நின்றார். "இது யாரு?"

"நீதான்."

"நானா? பூ வச்சிருக்கு. மெசினுகிட்ட பூ வச்சுப் போக விடுவாகளாட்டி?" கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தார். "நான் என்னைக்கு இப்படிச் சிரிச்சேன்?"

பக்கத்தில் மலர்ந்த முகத்தோடு நின்ற ஐயாதுரை, "கலைன்னா கொஞ்சம் அழகுபடுத்தணும்மா" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு சார்." அங்காளம்மாள் மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு மகளைப் பார்த்து, "நீ வரஞ்சது எங்கட்டி?"

"இதுக்கு அடியில இருக்கும்மா."

ஐயாதுரையின் முகம் சுண்டிப்போனது. அவரைக் கேலி செய்யலாம், கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஓடிப்போய் ஒரு சார்ட் பேப்பர் கொண்டுவந்தார். "இன்னொண்ணு வரை தாயி. இதை எடுத்துட்டு அதையே மாவட்டத்துக்கு அனுப்புவோம். நான் தொட மாட்டேன்" என்று சொல்லி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அங்காளம்மாளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். இரவெல்லாம் நின்ற உடம்பு. இரண்டே நிமிடம், தலை சுவரில் சாய்ந்துவிட்டது. முடியில் பஞ்சு இருந்தது. பாண்டிசெல்வி வரைய ஆரம்பித்தாள். கோடு கோணலாகப் போனது, அழித்தாள், மறுபடி போட்டாள். ஐயாதுரை ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தார். ஆறாவது நிமிடத்தில் வலது கை மட்டும் மெல்ல முன்னால் வந்தது.

"அந்த மூக்குல மட்டும்..."

"சார், கைய எடுங்க."

அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. குரலையும் உயர்த்தவில்லை. எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றுதான். ஐயாதுரை கையை எடுத்தார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு குனிந்து, "படம் பிரமாதமா வரும்மா. இதுக்கு அழகா ஒரு தலைப்பு, நான் எழுதித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

பாண்டிசெல்வி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

நீங்கள் சிரிக்கலாம். நீங்கள்தான் பிள்ளையின் புராஜெக்ட்டுக்கு ராவோடு ராவாகத் தெர்மாகோல் அறுப்பவர் இல்லையே. மனைவி கோலம் போடும்போது குறுக்கே ஒரு புள்ளி வைப்பவர் இல்லையே. அடுத்தவர் சொல்லத் தொடங்கிய வாக்கியத்தை முடித்து வைப்பவரும் இல்லை. நம்புகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண்ணின் படத்துக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்று இந்நேரம் உங்கள் மனதில் ஒன்று தோன்றியிருக்குமே, என்னுடையதைவிட நல்லதாக?

தோன்றியிருந்தால், கையை எடுங்கள். அவள் இன்னும் வரைந்து முடிக்கவில்லை.