தயிர் டப்பாவில் ரசீதுகள்

துபாயின் தேராவில் வாழ்ந்த பதினாறு வருடங்களில் ரசீது வாங்காமல் அவர் செய்த ஒரே காரியம் மூச்சு விடுவதுதான். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. விசாவைத் தவிர வேறெங்கும் அது பயன்படவில்லை. எங்களுக்கு அவர் ரசீது அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வாகன உதிரிபாகக் கடை ஒன்றில் ஸ்டோர் கீப்பர்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் அந்த அறைக்குக் குடிபோனேன். மூன்று கட்டில்கள், ஒரு ஃப்ரிட்ஜ், அண்ணாச்சியின் கம்ப்யூட்டர். மூன்றாவது கட்டிலில் மதுரைக்காரன் பாண்டி, கிரேன் ஆபரேட்டர். நான் தினமும் டைரி எழுதுகிறவன். இங்கே சொல்வதில் மிகையாகத் தோன்றுவதும் டைரியில் உள்ளதுதான்.

முதல் வெள்ளிக்கிழமை மூவரும் அப்ரா என்ற மரப் படகில், ஊரை இரண்டாகப் பிரிக்கும் க்ரீக்கைக் கடந்தோம். கட்டணம் ஐம்பது ஃபில்ஸ். அண்ணாச்சி படகோட்டியிடம் ரசீது கேட்டார். அவன் சிட்டகாங்கிலிருந்து வந்தவன். அப்படி ஒரு கேள்வியை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. "மாஃபி, பாய், மாஃபி" என்று, இல்லை என்பதை அரபியில் சொன்னான். அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, தேதி, தொகை, 'அப்ரா, ஒரு வழி' என்று தானே எழுதி, பேனாவோடு நீட்டினார். அவன் அக்கரை வரும்வரை யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். திரும்பும்போது வேறு படகு. மறுபடியும் முதலிலிருந்து.

அடுத்த வாரம் பாண்டி ஃப்ரிட்ஜைத் திறந்து கத்தினான்.

"அண்ணாச்சி! தயிர் டப்பாவுல பூரா பேப்பரா கெடக்கு!"

"மூடுல மொதல்ல. வெக்கை உள்ள போவுது."

கார்டு தேய்த்தால் மெஷினிலிருந்து வரும் சீட்டு சூடு தாங்காது. ஆகஸ்டில் வண்டிக்குள் அரை நாள் கிடந்தால் கன்னங்கரேலென்று ஆகிவிடும். ஆகவே அண்ணாச்சியின் சீட்டுகள் மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு, தயிர் டப்பாக்களில், இட்லி மாவுக்குப் பக்கத்தில் குளிர்ந்துகொண்டிருந்தன. அவற்றை எடுத்து, தினமும் மாலை டியூட்டி முடிந்து வந்ததும், ஒரு கணக்கு மென்பொருளில் ஏற்றுவார். கை கழுவாமல் கீபோர்டைத் தொடமாட்டார்.

அவருக்கு இரண்டு விதிகள். ஒன்று, ஒவ்வொரு செலவுக்கும் தலைப்பு வேண்டும். 'இதர செலவு' கூடாது. "இதரம்னு எழுதுதவன் எதையோ மறைக்கான்" என்பார். இரண்டு, பிறர் கணக்கைப் பார்க்கக் கூடாது. "அடுத்தவன் லெட்டரைப் பிரிப்பீராவே? அது மாதிரிதான்."

அந்த மென்பொருளை எனக்கும் போட்டுக் கொடுத்தார். சொல்லித்தருவதற்காகத் தன் தலைப்புப் பட்டியலை மட்டும் திறந்து காட்டினார். அரிசி, வாடகை, டீ, அப்ரா, ஊருக்கு அனுப்பியது. கடைசியில் 'வீடு' என்று ஒன்று. அதற்கு நேரே பூஜ்யம். பாண்டி விடுவானா?

"வாடகைக்குத் தனியா இருக்கு. ஊருக்கு அனுப்புறதும் தனியா இருக்கு. உங்களுக்குப் பொண்டாட்டி புள்ளயும் கெடையாது. இந்த வீடு எதுக்குண்ணாச்சி?"

"கெடந்துட்டுப் போவுதுல. எடத்தையா அடைக்கி?" என்று பட்டியலை மூடிவிட்டார்.

நான் அவரைவிட ஒழுங்கானவன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. கார்டில் வாங்கியதை எல்லாம் அன்றன்றைக்கே ஏற்றினேன். மாதக் கடைசியில் கார்டு பில் கட்டியதும் அதையும் 'கார்டு செலவு' என்று ஏற்றினேன். ஏழு மாதம் ஒரு நாள் விடாமல் செய்தேன். முடிவில் நான் சம்பளத்தைவிட அதிகம் செலவழிப்பதாக மென்பொருள் சொன்னது. வங்கியில் பணம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய தொகையைக் கார்டுக்கு நான் பாக்கி வைத்திருப்பதாக மென்பொருள் காட்டியது. பாக்கி எதுவும் இல்லை என்று வங்கி மாதாமாதம் காகிதம் அனுப்பியது. வங்கிக்காரன் தவறு செய்யலாம், நான் போட்ட என்ட்ரி தவறாகாது என்று நம்பினேன்.

அப்போது மனைவியையும் நான்கு வயது மகளையும் அழைத்து வருவதற்காக ஷார்ஜாவில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தேன். சனிக்கிழமைக்குள் வாடகைக்குக் காசோலைகள் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று புரோக்கர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை மனைவிக்கு ஃபோன் செய்தேன்.

"கணக்கு இடிக்குது. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"போன வருஷமும் இதேதான் சொன்னீங்க. பாப்பா இப்பல்லாம் அப்பா எங்கன்னு கேட்டா ஃபோனைக் காட்டுது."

ஃபோன் அட்டையில் காசு மிச்சமிருக்கும்போதே ஃபோனை வைத்துவிட்டேன். அண்ணாச்சி அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"மாசம் எவ்வளவுவே செலவாவுது உமக்கு?"

சொன்னேன். அவர் அரிசியை அப்படியே வைத்துவிட்டு வந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"அவ்வளவு செலவழிக்கவன் மூஞ்சியா இது? இருக்கது ரெண்டு சட்டை. திங்கது நான் வைக்க சாம்பார். பாண்டி, இவரு குண்டாயிருக்காரால?"

"போன மாசத்தைவிட எளைச்சிருக்காருண்ணாச்சி."

"அப்போ கணக்குதான் பொய் சொல்லுது. உம்ம கணக்கை நான் பாக்கலாமாவே?"

விதியை உருவாக்கியவரே அனுமதி கேட்டு நின்றார். நான் தலையசைத்தேன். கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"வே, ஒரே அரிசியை மாசத்துக்கு ரெண்டு தடவ தின்னுருக்கீரே!"

எனக்குப் புரியவில்லை.

"கடையில கார்டைத் தேய்ச்ச அன்னைக்கே செலவு முடிஞ்சுபோச்சு. மாசக் கடைசில பேங்குக்குக் கட்டுதது செலவு இல்ல, கடனை அடைக்கது. இந்தப் பையில இருந்து எடுத்து அந்தப் பையில போடுதீரு, அவ்வளவுதான். அதையும் செலவுன்னு எழுதினா, பொண்டாட்டி எப்படிவே வருவா?"

ஏழு என்ட்ரிகளையும் ஒவ்வொன்றாகத் திருத்தினார். ஒவ்வொன்றுக்கும் மொத்தச் செலவு இறங்கியது. ஏழாவது முடிந்ததும் கார்டு பாக்கி பூஜ்யத்துக்கு வந்தது. ஷார்ஜா வீட்டு வாடகைக்குப் போதுமான பணம் திரையில் நின்றது, கொஞ்சம் மிச்சத்தோடு. அண்ணாச்சி எழுந்து அரிசியைக் களையப் போனார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் புரோக்கர் வாசலில் நின்றேன். அவர் பத்து மணிக்குத்தான் வந்தார்.

மனைவியும் மகளும் வந்த அன்று ஷார்ஜா வீட்டுக்கு அண்ணாச்சி ஒரு சிவப்பு மூன்று சக்கர சைக்கிளோடு வந்தார். மகள் அதிலிருந்து இறங்கவே இல்லை.

"எவ்வளவு ஆச்சு அண்ணாச்சி?"

"கேக்காதேயும். கார்டுல தேய்ச்சாச்சு, என்ட்ரியும் போட்டாச்சு. இனி மாத்த முடியாது."

"ரசீதையாவது காட்டுங்க."

"அது ஃப்ரிட்ஜுல இருக்கு."

சில வருடங்கள் கழித்து அவர் விசாவை கேன்சல் செய்துகொண்டு ஊருக்கே போனார். அவருடைய முதலாளி கொடுத்த கடைசிச் சம்பளத்துக்கு ரசீது கேட்டு வாங்கியபின்தான் விமான நிலையத்துக்குக் கிளம்பினார். கம்ப்யூட்டரை எனக்குக் கொடுத்தார். "என் கணக்கைத் திறக்காம அழிச்சிரும்வே" என்றார். சரி என்றேன்.

வாழ்க்கையில் நான் வேண்டுமென்றே செய்த ஒழுங்கீனம் ஒன்றுதான். திறந்தேன். வேறெதையும் பார்க்கவில்லை. நேராகப் பட்டியலின் கடைசிக்குப் போனேன். 'வீடு' என்ற தலைப்பின் கீழ், அத்தனை வருடங்களுக்கும் சேர்த்து, ஒரே ஒரு வரி இருந்தது: சைக்கிள், சிவப்பு.

அதற்குப் பிறகு நான்கு கம்ப்யூட்டர்கள் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கையும் கூடவே எடுத்து வருகிறேன். இடத்தையா அடைக்கிறது?