தனிமை ஒழிந்த லயம்

மனித குலம் நெடுங்காலமாகத் தேடிவந்த தனிமைக்கான மருந்து, இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பதைப் பணிவுடன் அறிவிக்கிறேன். மருந்தின் பெயர் லயம்: தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் ஒட்டி ஒட்டி வாழும் ஒற்றை அறை வரிசை. கண்டுபிடித்தவர் கலாநிதி சுந்தரலிங்கம். நான் அவருடைய ஆய்வு உதவியாளர். கேள்வியை வாசிப்பதும் பதிலை எழுதுவதும் என் வேலை.

தோட்டத்தில் தனித்தனி வீடுகள் கட்டலாமா என்று தீர்மானிக்கத்தான் இந்த ஆய்வு. முதல் வீடு ஜீவராணிக்கு என்று பேச்சு. கொழுந்து பறிப்பவர். கணவர் தர்ஷனுக்குக் கொழும்பில் புடவைக் கடையில் வேலை. தீபாவளிக்கும் சித்திரைக்கும் வருவார்.

"நீங்கள் தனிமையை உணர்கிறீர்களா?" என்று வாசித்தேன்.

ஜீவராணி வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு மேலிருந்து பதில் வந்தது.

"அதெல்லாம் இல்லீங்க மிஸ்! நாங்க இருக்கோம்ல!"

பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறையில், இருக்கும் இராமையா. லயத்துச் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை.

"சமூக ஆதரவு!" என்றார் கலாநிதி. "எழுதுங்க."

எழுதினேன்.

"மனம்விட்டுப் பேச ஆள் இருக்கிறதா?"

"வீட்டுக்காரருதான். அதுவும் போன்ல. எங்கங்க பேசுறது? நேத்து, 'எப்ப வருவீங்க, உங்க நெனப்பாவே இருக்கு'ன்னேன். செவுத்துக்கு அந்தப் பக்கமிருந்து இராமையா அண்ணன், 'வர்றப்ப டோர்ச் பெட்டரி வாங்கியாறச் சொல்லும்மா'ங்கிறாரு."

"சொன்னியாம்மா?" என்றது சுவர்.

கலாநிதிக்கு மெய்சிலிர்த்தது. "கணவன் மனைவி உரையாடலில்கூட அயலவர் பங்கேற்கிறார்! வெளிநாட்டில் இது நடக்குமா?"

ஜீவராணி என் காதருகே வந்தார்.

"மிஸ், நாங்க சண்டை புடிச்சாக்கூட சைகையிலதான். அழணும்னா தேயிலை மலைக்குள்ள போயிருவேன். கதவச் சாத்திக்கிட்டு அவருகூட ஒரு வார்த்தை பேசணும். அதுக்குத்தான் வீடு கேக்குறேன்."

'தேயிலை மலை' மட்டும் கலாநிதியின் காதில் விழுந்தது. "இயற்கையோடு நெருக்கம்," என்றார். அதையும் எழுதச் சொன்னார்.

ஆய்வு முடிந்தது. லயத்தில் தனிமையின் அளவு பூச்சியம். விஞ்ஞானத்தில் பூச்சியம் கிடைப்பது அபூர்வம். 'சுவர் கூரையைத் தொட்டால் தனிமை தொற்றும். இந்த அப்பாவி மக்களைத் தனி வீடு என்னும் ஆபத்திலிருந்து காப்பாற்ற வேண்டும்' என்று கலாநிதி உருக்கமாகப் பரிந்துரைத்தார். உடனே காப்பாற்றினார்கள். வீட்டுத் திட்டம் நிறுத்தப்பட்டது. லயத்துக்கு ஒரு பாராட்டுக் கேடயம் கிடைத்தது. ஆணி அடித்தால் சுவர் தாங்காது என்பதால் அதை அரிசிப் பெட்டிமேல் வைத்திருக்கிறார்கள்.

செய்தியைச் சொல்ல நான்தான் போனேன். ஜீவராணி கேட்டார்:

"அந்தக் கலாநிதி சேர் எங்க இருக்காரு?"

"நுவரெலியாவில். பங்களா."

"எத்தனை ரூமு?"

"ஏழு."

"கூட யாரு?"

"யாருமில்லை. அவருக்குச் சத்தம் ஆகாது. கேற்றில் ஒரு காவலாளி. ஒரு நாய்."

"ஐயோ பாவம்," என்றார் ஜீவராணி. "ஏழு ரூமு தனிமையையும் ஒத்த ஆளா தாங்குறாரா? எனக்கு ஒரு ரூமு தனிமையத் தரச் சொல்லுங்க மிஸ். நான் அனுபவிச்சுக்கிறேன்."

சுவருக்கு மேலே இருமல் கேட்டது.

"அப்படியே எனக்கும் ஒண்ணு சொல்லுங்க மிஸ்," என்றார் இராமையா.