ஆட்சேபணை உண்டா?

பந்தல் நிறைய நாற்காலி போட்டாயிற்று. உட்காரத்தான் ஆள் இல்லை.

நசரத்பேட்டைக்கு வடக்கே, கூவம் ஆற்றங்கரையில் உள்ள கருவேலங்காட்டை வெட்டலாமா என்று ஊராரைக் கேட்கத் தாசில்தார் வந்திருந்தார். தலையாரி ஜம்புலிங்கம் தெருவையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். காட்டை ஒட்டித்தான் அவன் வீடு. போன ஐப்பசி வெள்ளத்தில் கரை உடையாமல் நின்றதே அந்த மரங்களின் வேரால்தான். ஊர் திரண்டு வந்து வேண்டாமென்று சொன்னால் வீடு பிழைக்கும்.

"ஏம்ப்பா, தண்டோரா போட்டியா இல்லையா?"

"போட்டேன் சார். 'கல்யாணமான ஆம்பளைங்க அல்லாரும் தவறாம வரணும், சர்க்கார் கூப்புடுது'ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். பொறுப்பான ஆளுங்களா வரட்டும்னுதான்."

அது எழுபத்தாறாம் வருஷம். ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிடுகிறார்கள் என்று ஊர் ஊராக வதந்தி சுற்றிய நேரம். பாவி மனுஷனுக்கு வேறு வார்த்தையா கிடைக்கவில்லை?

"ஏதாவது தர்றோம்னு சொல்லிப் பாரு" என்றார் தாசில்தார்.

ஜம்புலிங்கம் தெருவுக்குள் ஓடினான். "வர்றவங்களுக்கு சர்க்கார் செலவுல டிபன்!"

திறந்திருந்த கதவுகளும் சாத்திக்கொண்டன. ஆபரேஷனுக்குப் போனால் பிளாஸ்டிக் வாளி சும்மா தருகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். இப்போது டிபன் வேறா?

அவன் கன்னியப்பன் வீட்டுக் கதவைத் தட்டினான். கன்னியப்பனின் மனைவி நாகவல்லி உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்.

"இன்னாத்துக்கு அவர?"

"பயப்படாத தங்கச்சி. கத்தி கித்தி ஒண்ணும் கெடையாது!"

"ஐயோ, கத்தியா!"

அலறல் அடுத்த தெருவரை கேட்டது. கன்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் பறந்தான். அவன் ஓடுவதைப் பார்த்து மற்ற ஆண்களும் ஓடினார்கள்.

பந்தலுக்குத் திரும்பிய ஜம்புலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் ஊரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எதையும் கேட்டே பழக்கமில்லாத சர்க்கார் திடீரென்று ஒருநாள் வந்து கேட்டால் யார்தான் நம்புவார்கள்?

தாசில்தார் பேனாவைத் திறந்தார். "ஒருத்தரும் வரலை. அப்போ இந்தக் காடு யாருக்கும் தேவையில்லைன்னுதானே அர்த்தம்? ஆட்சேபணை இல்லைன்னு எழுதிடறேன்."

டீ கொண்டுவந்த பொன்னியம்மா கிளாஸை மேஜைமேல் வைத்தாள்.

"இன்னா சார் இப்புடி சொல்ற? ஊரு ஆம்பளைங்க அல்லாரும் உனக்கு பயந்துகினு அந்தக் காட்டுக்குள்ளதான் ஒளிஞ்சிகினு கீறாங்க. அத்த வெட்டிட்டா, அடுத்த தபா நீ வந்தா எங்க போய் ஒளிவாங்க?"